தேர்ச்சி பெற்றவனுக்கு நட்சத்திரம், பணம் படைக்கு

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில், பகலெல்லாம் கப்பல் பட்டறையிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் கடற்கரைப் பீரங்கியில் பயிற்சி எடுத்த வாலண்டியர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். போர்க்கதையைவிட என்னை அதிகம் இழுத்தது அவர்களுடைய கணக்குவழக்குதான். யாருக்கு என்ன தேர்வு, தேறினால் என்ன கிடைக்கும், அதை யார் வாங்கிக்கொண்டார்கள் என்பது. கடைசிக் கேள்விக்கான பதில் கொஞ்சம் விசித்திரமானது. தேர்வுக்கு நின்றவன் ஒருத்தன், பணம் வாங்கியது இன்னொருத்தர்.

முதலில் பின்னணி. 1858 ஜனவரியில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கொல்ல ஓர்சினி என்பவன் குண்டு வீசினான். அந்தக் குண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்று தெரிந்ததும் பிரான்சில் ஒரே கொதிப்பு. பிரெஞ்சுக்காரன் நீராவிக் கப்பலில் ஒரே ராத்திரியில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வந்துவிடுவான் என்ற பயம் இங்கிலாந்தில். 1859 மே 12 அன்று போர் அமைச்சர் ஜொனாதன் பீல் ஒரு சுற்றறிக்கை விட்டார்: ஊர் ஊராக ரைஃபிள் வாலண்டியர் படை அமைக்கலாம், கோட்டையோ பீரங்கி மேடையோ இருக்கிற கடலோர ஊர்களில் பீரங்கி வாலண்டியர் படையும் அமைக்கலாம், ஆனால் செலவை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டை, பூட்ஸ், ரைஃபிள், டிரில் நடத்த இடம் எல்லாம் சொந்தக் காசு. அரசாங்கத்துக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடைக்குமா? இரண்டு வருடத்துக்குள் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பீரங்கிப் பிரிவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் உடம்பில் தெம்புள்ள உழைப்பாளிகள். வக்கீலும் குமாஸ்தாவும் பளபளவென்று ரைஃபிள் படையில் சேர்ந்தால், கொல்லரும் தச்சரும் கப்பல் கட்டுபவரும் பீரங்கிக்குப் போனார்கள். பல டன் எடையுள்ள இரும்பைத் தள்ளி, உருட்டி, தூக்கி வைக்கிற வேலை அது. அந்த மனிதர்களிடம் போய் "உன் செலவை நீயே பார்" என்றால் எத்தனை நாள் ஓடும்? ஒரு சட்டை கிழியும் வரை ஓடும். 1862-இல் ஒரு ராயல் கமிஷன் உட்கார்ந்து விசாரித்தது, 1863-இல் சட்டம் வந்தது, அதோடு தலைக்கு இவ்வளவு என்று மானியம் வந்தது.

இந்த மானியம்தான் முழுக் கதைக்கும் திறவுகோல். ஒரு வாலண்டியர் அந்த வருடத்தில் "தகுதியானவர்" என்று பதிவானால் அவர் தலைக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. சுடும் பயிற்சியையும் முடித்திருந்தால் மேலும் 10 ஷில்லிங். தகுதி என்றால் என்ன? புதிதாகச் சேர்ந்தவன் என்றால் கூடுதல் டிரில். பழையவன் என்றால் வருடத்துக்கு ஒன்பது டிரில், அப்புறம் ஆண்டு இன்ஸ்பெக்‌ஷனில் முகம் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒன்பது டிரில்லில் ஒருவன் பீரங்கி சுடக் கற்றுக்கொள்வானா என்று கேட்டால், கற்றுக்கொள்ள மாட்டான். ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒன்பது கோடு விழுந்துவிடும்.

பணம் அவன் கைக்குப் போகவில்லை. கமாண்டிங் ஆபீசரிடம் போனது. அதை வைத்துத்தான் டிரில் ஹால் வாடகை, சீருடை, ஆயுதம் பராமரிப்பு, ரயில் செலவு எல்லாம். எத்தனை பேர் தகுதி பெறுகிறார்களோ அத்தனை பவுண்டு. பெறாதவர்கள் எண்ணிக்கை கூடினால் கர்னல் தன் சட்டைப்பையிலிருந்து போட வேண்டும், பலர் போட்டார்கள், சிலர் அதிலேயே கடனாளியும் ஆனார்கள். இப்படி இருந்தால் இன்ஸ்பெக்‌ஷன் நாளில் எந்தக் கர்னல் "இவன் தேறவில்லை" என்று எழுதுவார்?

இன்னொரு வேடிக்கை. வாலண்டியர் என்பவன் 14 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் படையை விட்டு விலகிக்கொள்ளலாம். போர் அழைப்பு இல்லாத காலத்தில் அவனைக் கட்டிப்போட ராணுவச் சட்டம் கிடையாது. அதனால் பல படைகள் தங்கள் உள்விதிகளில் ஒரு வரி சேர்த்துக்கொண்டன: ஒரு வருடத்தில் தகுதி பெறாதவன் படைக்கு நஷ்டமான மானியத் தொகையைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டாதவர்கள் மேல் வழக்குப் போட்டு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியும் இருக்கிறார்கள். நாட்டைக் காக்கத் தானாக வந்த ஒருவனை, நீ ஒன்பது நாள் வரவில்லை, எடு முப்பது ஷில்லிங் என்று கோர்ட்டுக்கு இழுப்பது. தேறினால் காசு அவனுக்கில்லை, தேறாவிட்டால் மட்டும் அவன் காசு. இதில் எனக்கு வாலண்டியர் பக்கம்தான் சாய்வு.

சரி, தேறினவனுக்கு என்னதான் கிடைத்தது? சட்டைக் கையில் ஒரு வளையம். வலது கை மணிக்கட்டுக்கு மேலே ஒரு நாடா வளையம், போன வருடம் தகுதி பெற்றவன் என்பதற்கு அடையாளம். ஐந்து வருடம் தகுதி பெற்றால் அதற்கு மேல் ஒரு நட்சத்திரம். இன்னும் ஐந்து வருடம், இன்னொரு நட்சத்திரம். சார்ஜென்ட்டுகள் தேர்ச்சிச் சான்றிதழ் வாங்கினால் கைப்பட்டைகளுக்கு மேலே நட்சத்திரம் வைத்துக்கொள்ளலாம். ஆபீசர்களுக்கு ராணுவப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன 'p' எழுத்து. இதைப் படிக்கும்போது சிரிப்பாக இருக்கும், ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அணிவகுத்து சர்ச்சுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரன் கையில் இரண்டு நட்சத்திரம், உன் கையில் வெறும் வளையம். காசைவிட இது வேலை செய்திருக்கும் என்றே நினைக்கிறேன். கல்லூரியில் என்சிசி 'சி' சான்றிதழ் தேர்வுக்கு நாங்கள் விழுந்து விழுந்து படித்தது கிடைக்கப்போகும் சலுகைக்காக மட்டுமா? சீனியர் முன்னால் துப்பாக்கியைப் பிரித்து மாட்டத் தெரியாமல் முழிக்கக் கூடாது என்ற ரோஷமும்தான்.

சார்ஜென்ட், ஆபீசர் தேர்வுகள் மட்டும் ஓரளவு உண்மையான தேர்வுகள். 1870-இல் கார்ட்வெல் போர் அமைச்சராக இருந்தபோது, தேர்ச்சிச் சான்றிதழ் வாங்கிய ஒவ்வொரு ஆபீசருக்கும் சார்ஜென்ட்டுக்கும் இரண்டரைப் பவுண்டு கூடுதல் மானியம் என்று அறிவித்தார்கள். அதுவும் படைக்குத்தான்! ஆனால் இந்த முறை ஒரு நல்லது நடந்தது. வழக்கமான ராணுவத்து ஆட்கள் முன்னால் நின்று டிரில் கட்டளை கொடுத்துக் காட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதற்காகக் கேப்டன் ஆனவர், கட்டளை மறந்து தன் கம்பெனி முன்னால் திணறுவது வாலண்டியர் படைகளின் பழைய நகைச்சுவை. அது மெல்லக் குறைந்தது. அடிப்படை மானியம் 1880-களின் கடைசியில் 35 ஷில்லிங் வரை ஏறியது, அதோடு சுடும் திறமைக்கான நிபந்தனைகளும் இறுகின.

கன்னர் என்ற கடைநிலை ஆளின் திறமை எங்கே தெரிந்தது என்றால் பீரங்கிப் பக்கத்தில்தான். பழைய வாய்வழிக் குண்டு போடும் பீரங்கி, 64 பவுண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர் கிடையாது, நம்பர்தான். நம்பர் ஒன் கட்டளையிடுபவர். ஒரு முறை சுட்டு முடிந்ததும் உள்ளே ஈரத்துடைப்பானை விட்டுத் துடைக்க வேண்டும். அப்படித் துடைக்கும்போது ஒருவன் பின்பக்கத்துத் திரித்துளையைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு நிற்பான், விரலுக்குத் தோல் உறை. ஏன் என்றால், உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்து துளை வழியாகக் காற்று போனால் அது மறுபடி உயிர் பெறும். அடுத்த மருந்துப் பையைத் திணிகோலால் உள்ளே தள்ளுகிற ஆளின் கை அப்போது குழாய் வாய்க்கு எதிரே இருக்கும். கட்டைவிரலை ஒரு நொடி முன்னால் எடுத்தால் போகப்போவது அடுத்தவன் கை. இதற்கு நோட்டுப் புத்தகத்தில் மார்க் போட முடியாது. நூறு தடவை செய்து செய்து வர வேண்டும், ஒன்பது டிரில்லில் எங்கே வரும்?

ஆகவே உண்மையான தேர்வு அரசாங்கத்தின் தேர்வுக்கு வெளியே வளர்ந்தது. 1863-இல் தேசியப் பீரங்கிச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, 1865 முதல் தேம்ஸ் முகத்துவாரத்தில் இருக்கிற ஷூபரினெஸில் கோடைதோறும் போட்டி முகாம் நடத்தினார்கள். நாடு முழுவதிலிருந்தும் பீரங்கிக் குழுக்கள் கூடாரம் போட்டுத் தங்கி, கடல்பக்கம் வைத்த இலக்கைச் சுடுவார்கள். நேரமும் கணக்கு, குறியும் கணக்கு. ராணி பரிசு, வெள்ளிக் கோப்பை எல்லாம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு போட்டி: பெரிய பீரங்கி ஒன்றை அதன் வண்டியிலிருந்து இறக்கி, கயிறும் கட்டையும் நெம்புகோலும் வைத்து நகர்த்தி, மறுபடி ஏற்றி வைக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. வேகம் வேண்டும், யார் காலும் நசுங்கக் கூடாது. கப்பல் பட்டறைக்காரர்கள் இதில் சும்மா இருப்பார்களா?

பரிசுகள் ஊர் மட்டத்திலும் கிடைத்தன. நிலச்சுவான்தாரும் பட்டறை முதலாளியும் பணம் போடுவார்கள், குளிர்காலத்தில் டிரில் ஹாலில் விழா நடக்கும், பெரிய வீட்டு அம்மாள் கையால் கோப்பையோ கடிகாரமோ தேநீர்ப் பாத்திரமோ வாங்கிக்கொண்டு சல்யூட் அடித்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பாத்திரம் வீட்டு அலமாரியில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும். இங்கே ஒன்று கவனியுங்கள். இந்தப் பரிசு மட்டும்தான் நேராக அந்த ஆளின் கைக்கு வந்தது. அதற்காகத்தான் அவன் ஒன்பது டிரில்லைத் தாண்டியும் வந்தான்.

ஆனால் போட்டிக்கும் ஒரு கெடுதல் உண்டு. படைக்கு ஒரு நல்ல குழு இருந்தால் போதும், கோப்பை வந்துவிடும். மீதிப் பேர் வேடிக்கை பார்க்கலாம். பீரங்கிகளும் பழசு. கடற்படையும் வழக்கமான பீரங்கிப் படையும் கழித்துப் போட்டதுதான் வாலண்டியர்களுக்கு வந்தது. பின்பக்கம் குண்டு போடும் புதுப் பீரங்கிகள் வந்து பல காலம் ஆன பிறகும் இவர்கள் கையில் திணிகோல்தான். பழைய பீரங்கியில் ராணி பரிசு வாங்கியவன் புதுப் பீரங்கியில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்குள் விஷயமே மாறிக்கொண்டிருந்தது. ஓடுகிற கப்பலைச் சுட, முதலில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வாட்கின் என்ற பீரங்கிப் படை அதிகாரி ஒரு கருவி செய்தார்: குன்றின் மேல், கடல்மட்டத்திலிருந்து உயரம் தெரிந்த இடத்தில் அதை வைத்துக் கப்பலின் நீர்க்கோட்டைக் கீழ்நோக்கிப் பார்த்தால், கோணத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடும். எட்டாம் வகுப்பு முக்கோணக் கணக்கு. ஆனால் கடல்மட்டம் என்பது நிலையாக இருக்கிற சங்கதியா? கருவி 100 அடி உயரத்தில் இருக்கிறது, கப்பல் 3,000 கஜத்தில் போகிறது, ஓதம் 10 அடி வற்றியிருப்பதைக் கருவியில் திருத்த மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி ஏறத்தாழ 270 கஜம் குறைத்துக் காட்டும். குண்டு கப்பலுக்கு வெகு முன்னாலேயே தண்ணீரில் விழும். வட கடல் கரையில் ஏற்றவற்றம் 10 அடிக்கு மேல் போவது சாதாரணம். வருகைப் பதிவேட்டுத் தகுதியால் இந்த இடத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை. தூரம் பார்ப்பவர், குறிவைப்பவர் என்று தனித்தனி ஆட்களைப் பொறுக்கியெடுத்து, தனித்தனியாகச் சோதித்து, தனித்தனிச் சின்னம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். குறிவைப்பவர் சட்டையில் இலைமாலைக்கு நடுவே 'L' எழுத்து வந்தது இப்படித்தான்.

இதே கேள்விக்கு அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் வேறு பதில் சொன்னார்கள். அமெரிக்கக் கடற்கரைப் பீரங்கிப் படையில் இரண்டாம் வகுப்பு கன்னர், முதல் வகுப்பு கன்னர் என்று படிப்படியாகத் தேர்வு. 1908 மே மாதச் சட்டம் ஒரு சாதாரண சிப்பாயின் மாதச் சம்பளத்தை 15 டாலர் ஆக்கியது. அதற்கு மேல் இரண்டாம் வகுப்பு கன்னருக்கு 2 டாலர், முதல் வகுப்புக்கு 3, பீரங்கியைக் குறிவைப்பவருக்கு 7, வரைபட மேசையில் கப்பலின் பாதையைக் குறிப்பவருக்கு 9. அதாவது 15 டாலர்காரன் தேர்வும் பதவியும் சேர்ந்தால் 24 டாலர் வாங்கலாம். நேராக அவன் கையில். சட்டைக் கையில் சிவப்பு நிறத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு குண்டு வடிவம்; முதல் வகுப்பு என்றால் அதன் அடியில் ஒரு சிவப்புக் கோடு, இரண்டாம் வகுப்பு என்றால் கோடு கிடையாது. பார்த்த மாத்திரத்தில் ஆளின் தரம் தெரியும்.

இது சம்பளக்கார ராணுவத்துக்கு. அங்கேயும் மாசசூசெட்ஸ், நியூயார்க் போன்ற கடலோர மாநிலங்களின் பகுதிநேரப் படைகளில் கடற்கரைப் பீரங்கிக் கம்பெனிகள் இருந்தன. நகரத்துக்கு நடுவில் இருக்கிற ஆயுதசாலைக் கூடத்தில் பொம்மைப் பீரங்கி வைத்து, நிஜமான வரைபட மேசை வைத்து, சீரான இடைவெளியில் மணி அடிக்க அடிக்க இல்லாத கப்பலைக் காகிதத்தில் துரத்துவார்கள். கோடையில் நிஜக் கோட்டைக்குப் போய்ச் சுட வேண்டும். 12 அங்குலப் பீரங்கியின் குண்டு ஒன்று சுமார் 1,000 பவுண்டு எடை. அதை ஆளாளுக்கு வீணடிக்க எந்த அரசாங்கத்திடமும் காசு இல்லை, அதனால் பெரிய குழாய்க்குள் சின்னக் குழாயைச் செருகிச் சின்னக் குண்டு சுட்டுப் பழகினார்கள். வாராந்திர டிரில்லுக்குத் தனி ஆளுக்குக் காசு என்பது அவர்களுக்கு 1916 சட்டத்தில்தான் முறையாக வந்தது: வருடத்துக்கு 48 டிரில், அதற்கு வழக்கமான ராணுவச் சம்பளத்தில் கால் பங்கு. ஒன்பதுக்கும் நாற்பத்தெட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கமும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. சென்னையில் பீரங்கி வாலண்டியர் படை இருந்தது, கொழும்பில் 1888-இல் சிலோன் பீரங்கி வாலண்டியர் படை தொடங்கியது. 20 வருடம் சேவை செய்த வாலண்டியருக்கு 1894-இல் விக்டோரியா நிறுவிய பதக்கம், 1896 முதல் இந்தியாவுக்கும் காலனிகளுக்கும் நீண்டது. ஆனால் இந்தியாவில் அந்தத் தேர்வுக்கு நிற்கவே ஒரு தோல் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரரும் ஆங்கிலோ இந்தியரும்தான் வாலண்டியர். 1885-இல் ரஷ்யா ஆப்கான் எல்லைக்கு வந்துவிட்டது என்று பரபரப்பு எழுந்தபோது, படித்த இந்தியர்கள் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுப் போட்டார்கள், சேர்க்கவில்லை. காங்கிரஸின் 1886 கல்கத்தா மாநாட்டிலும் 1887 சென்னை மாநாட்டிலும் இதற்குத் தீர்மானமே போட்டிருக்கிறார்கள். கொழும்பில் அந்தக் கதவு அவ்வளவு இறுக்கமாக இல்லை, உள்ளூர் ஆட்கள் வாலண்டியர் படைகளில் இருந்தார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைக்கு வந்து அரைமணி நேரத்தில் நூற்றுக்கு மேல் குண்டுகளைப் போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது நமக்குத் தெரிந்த கதை. கரையிலிருந்து சுட்டது எதுவும் அதன் மேல் படவில்லை.

மூன்று மாதம் கழித்து இங்கிலாந்தில் அதே பரீட்சை வந்தது. 1908-இல் போர் அமைச்சர் ஹால்டேன் வாலண்டியர் படைகளையெல்லாம் டெரிடோரியல் படை என்று மாற்றியமைத்திருந்தார். ஆள் அதே ஆள்தான், ஆனால் இப்போது குறிப்பிட்ட காலத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், 14 நாள் நோட்டீஸ் கதை முடிந்தது, முகாம் கட்டாயம். ஹார்ட்டில்பூல் என்ற கப்பல் கட்டும் ஊரில் மூன்று ஆறங்குலப் பீரங்கிகள்: ஹியூ மேடையில் இரண்டு, கலங்கரை விளக்க மேடையில் ஒன்று. அவற்றை இயக்கியது டர்ஹாம் ராயல் காரிசன் ஆர்ட்டிலரி, பழைய வாலண்டியர் படையின் நேர்வாரிசு. 1914 டிசம்பர் 16 காலை எட்டு மணிக்கு மேல், மூடுபனியிலிருந்து மூன்று பெரிய ஜெர்மன் கப்பல்கள் வந்தன: சைட்லிட்ஸ், மோல்ட்கே, ப்ளூஹர். முதலில் நம்ம கப்பல்தான் என்று நினைத்தார்கள். அப்புறம் குண்டு விழ ஆரம்பித்தது.

சுமார் நாற்பது நிமிடம். ஜெர்மானியர்கள் ஆயிரத்துக்கு மேல் சுட்டார்கள். ஊரில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் பொதுமக்கள். மேடைகளிலிருந்து 123 குண்டுகள் போயின. ஆறங்குலக் குண்டு அந்தக் கப்பல்களின் கவசத்தைத் துளைக்காது என்று தெரிந்ததால் மேல்தளத்தைப் பார்த்துச் சுட்டார்கள். இது அந்த நேரத்தில் பதறாமல் எடுத்த முடிவு. ப்ளூஹரில் ஒன்பது பேர் செத்தார்கள், அதன் இரண்டு பீரங்கிகள் போயின. ஊரைக் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, சாவு எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பகுதிநேரக் கன்னர்கள், வாழ்க்கையில் முதல் முறையாக எதிரியைப் பார்த்துச் சுடுகிறவர்கள், தலைக்கு மேலே வீடுகள் இடிந்து விழும்போது வரிசை தப்பாமல் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மேடைகளுக்குத் தலைமை தாங்கிய ராப்சனுக்கு டிஎஸ்ஓ என்ற ராணுவ விருது கிடைத்தது, கன்னர்களில் சிலருக்கும் பதக்கங்கள் கிடைத்தன.

பழைய மானிய முறைதான் இந்த ஆட்களை உருவாக்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தலைக்கு 35 ஷில்லிங் முறை டிரில் ஹாலுக்குக் கூரை போட்டது, சீருடை தைத்தது, படையைக் கலையாமல் வைத்திருந்தது. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் குறிவைக்கத் தெரிந்தவனைத் தெரியாதவனிடமிருந்து பிரித்துக் காட்டியது ஷூபரினெஸ் போட்டியும், தனிப்பட்ட குறித்தேர்வும், 1908-க்குப் பிறகு வந்த கட்டாய முகாமும். அந்த மானியம் நேராகக் கன்னரின் கைக்கே போயிருந்தால் இந்தத் தேர்வுகள் முப்பது வருடம் முன்னாலேயே வந்திருக்கும் என்பது என் கணிப்பு. தன் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் ஒரு தேர்வு என்றால் கேள்வி கேட்கிறவன் அவனாகவே இருந்திருப்பான்: இந்தப் பழைய பீரங்கியில் பழகி நான் எப்படிப் புதுப் பீரங்கித் தேர்வை எழுதுவது என்று.

கடைசியாக, பழைய குடும்பப் படங்களில் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஒரு உபயோகமான விஷயம். கொழும்பிலோ சென்னையிலோ யாராவது வாலண்டியர் சீருடையில் நின்று எடுத்த படம் உங்களிடம் இருந்தால், முகத்தைப் பார்த்து முடித்ததும் வலது கையைப் பாருங்கள். வளையம் மட்டும் என்றால் அதற்கு முந்தைய வருடம் தேறியவர். வளையத்துக்கு மேல் நட்சத்திரம் என்றால் ஒவ்வொன்றும் ஐந்து வருடம். டெரிடோரியல் காலத்துப் படம் என்றால் நட்சத்திரத்துக்கு நான்கு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கிக்காரர் தொப்பியில் ராயல் ஆர்ட்டிலரியின் 'யுபிக்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் இலைக்கொத்து இருந்தால், அவர் சம்பளக்காரர் இல்லை, வாலண்டியரோ டெரிடோரியலோதான். அப்படி ஏதாவது படம் இருந்தால் அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம்.